பேய்க்கு எந்தக் காலம்?

அதிபர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கேட்டார்:
"பேய் எந்தத் தேர்ச்சி மட்டத்தில் வருகிறது?"
ஆறு தசம் இரண்டு என்றேன்.
பொய்தான்.
பிறநாட்டுப் பண்டிகைகள், வாய்மொழிப் பயிற்சி என்று
லொக் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

இலையுதிர் காலம் எண்டா என்ன ரீச்சர்?
யன்னலுக்கு வெளியே வாகை
நேற்றைய மழையைக் குடித்துவிட்டுப் பச்சையாய் நின்றது.
திருகோணமலையில் இலை விழுவது கச்சான் காற்றுக்கு.
ஐப்பசியில் விழுவது கூரை ஓடு.
அந்த நாட்டு மரங்களுக்கு
இப்போதுதான் கச்சான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கந்தளாய்ப் பூசணி, மூன்றே கால் கிலோ.
றிப்கா கறிக்கரண்டியால் அதன் குடலை எடுத்தாள்;
விதைகளை உம்மாவுக்கென்று
கொப்பித் தாளில் மடித்துக்கொண்டாள்.
"புதுவீட்டுக்குக் கண்ணூறு கழிக்கவும்
இப்பிடித்தான் முகம் கீறித் தூக்குவினம்.
வெள்ளைக்காரர் எங்களிட்டைப் பாத்துப் படிச்சிருப்பினம்"
என்றான் யதுசன்.
நான் மறுக்கவில்லை.

முப்பத்தொரு பேய்கள்.
தலை மாற்றும் சூரனாய் வந்தவன்
சிங்கத் தலையை பஸ்ஸில் விட்டுவிட்டு
யானைத் தலையோடு மட்டும் விழித்தான்.
மோகினிகள் ஐவர், ஐவருக்கும் ஒரே லிப்ஸ்டிக்.
பாலையூற்று ஷெரின் பெரெய்ரா
வேசம் போடாமல்
மெழுகுதிரிப் பெட்டியோடு வந்தாள்.
"நாளையிண்டைக்குச் சவக்காலைக்குக் கொண்டுபோறது.
அம்மப்பாவுக்கு ரெண்டு, அன்ரிக்கு ரெண்டு.
ஒண்டு மிஞ்சும், ரீச்சர்."

கடைசி வாங்கில் நிரோசன்.
வெள்ளை விரிப்பு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
அவன் அம்மா ஆஸ்பத்திரியில் சிற்றூழியர்.
ஆவியின் முதுகில் நீல மையில்
ஆறாம் வார்டு முத்திரை.

மிஞ்சிய திரியை ஏற்றவும் மின்சாரம் போகவும் சரி.
துறைமுகப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது மழை.
பூசணி சிரித்தது.
அவர்கள் போட்ட கூச்சலில்
பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் எட்டிப் பார்த்தார்,
போனார்,
திரும்பி வந்தார், ரொபி வாங்க.

அந்த அமளிக்குள்தான்
ஆறாம் வார்டு ஆவி கை உயர்த்தியது:
"ரீச்சர், பேய்க்கு எந்தக் காலம் போடுறது?"
இறந்தகாலம் என்றேன், யோசிக்காமல்.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே கேட்டது.
"ஆனா வந்து நிக்குதே.
அப்ப நிகழ்காலம்தானே?"
கரும்பலகையில் இரண்டு கட்டம் கீறியிருந்தேன்.
சோக்கட்டி
இரண்டுக்கும் நடுவில் நின்றது.
மழை ஓட்டில் பேசிக்கொண்டேயிருந்தது.
ஷெரின்தான் திரும்பி, சாதாரணமாய்ச் சொன்னாள்:
"நாங்கள் போனா, அவையளோட கதைக்கிறனாங்கள்.
பரீட்சைப் புள்ளியும் சொல்லுவம்."

விடிய வந்து பார்த்தால்
விறாந்தையில் வைத்த பூசணியின் முகத்தைக் காணோம்.
கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு
குப்பை வாளியடியில் நின்று அசைபோட்டன.
கண்ணை, மூக்கை, நெற்றியைத் தின்று
கீழ்வரிசைப் பல்லை மட்டும்
மிச்சம் விட்டிருந்தன.

ஏழாம் தரம் கூடி வாக்கியம் அமைத்தது:
மான் பேயைத் தின்றது.
எழுவாய் சரி. காலம் சரி.
முப்பது கொப்பிக்குச் சரி போட்டேன்.

நிரோசன் வேறு எழுதியிருந்தான்.
விரிப்பை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தோம்.
ஓட்டை இரண்டும் பார்க்கின்றன.

சிவப்புப் பேனை
கையில் இருக்கிறது.