மற்றவை, குறிப்பிடவும்

மின்ட் முதல் டோல்கேட் வரை
முப்பத்தோரு இடங்கள் என்று பட்டியல் தந்தார்கள்.
நான் நடந்து எண்ணியதில் நாற்பத்தேழு.
பேட்டரிக் கடை மாடியில் ஒன்று,
தையல் மிஷின்களுக்கு நடுவே ஒன்று,
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரத்தில்
பின்சீட்டுக்குப் பாடம் எடுக்கும்
ஷேர் ஆட்டோ ஒன்று.
அதையும் எண்ணலாமா என்று
சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை.
எண்ணினேன்.

ஒரு படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
டேப்லெட் அவர்களுடையது,
செருப்பு என்னுடையது.

கேள்வி மூன்று: இதுவரை முடித்துச் சென்றவர்கள் எத்தனை பேர்?
டெல்லிபாபு சார் யோசிக்கவேயில்லை.
"நாலாயிரம் போட்டுக்கோம்மா."
அவர் முதுகுக்குப் பின்னால் பெஞ்சு இரண்டு,
அதில் ஒன்றுக்குச் செங்கல் கால்.
சுவரில் ஒட்டிய லண்டன் படம் மழைக்கு ஊறி
தேம்ஸ் நதி சுவிட்ச் போர்டு வரை வழிந்திருந்தது.
நாலாயிரம் போட்டேன்.
'நம்பினாயா?' என்று கேட்கும் கட்டம்
எனக்குக் கொடுத்த படிவத்தில் இல்லை.

கேள்வி ஏழு:
தாங்கள் ஆங்கிலம் பயில்வதற்கான பிரதான உந்துதல் யாது?
நான் கேட்டது:
இன்னாத்துக்கு இங்கிலீஷு?

ஒன்று, வேலை. இரண்டு, மேற்படிப்பு.
மூன்று, வெளிநாடு.
தொண்ணூற்றொன்பது, மற்றவை, குறிப்பிடவும்.
மூன்றுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் நடுவே
யார் குடியிருந்தார்கள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஹார்பரில் லோடு இறக்கும் தேசிங்கு சொன்னார்:
"பையன் டைரில மிஸ்ஸு ஏதோ எழுதி அனுப்புது.
தெனம் கையெழுத்துப் போடுறேன்.
பாராட்டா கம்ப்ளெயின்ட்டான்னு
தெரிஞ்சிகினு போடணும்."
மேற்படிப்பு என்று அழுத்தப் போய்
விரலை எடுத்துக்கொண்டேன்.
யாருடைய மேற்படிப்பு?

காசிமேட்டில் இறால் உரிக்கும் அமலோற்பவம்
கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு பேசினாள்.
"கம்பெனிக்கு வந்த மேடம்
என்னைப் பார்த்து இன்னாவோ சொல்லிச்சு.
அல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.
நாலு மாசமாச்சு, அந்தச் சிரிப்பு
இன்னும் வாயில கசக்குது.
திட்டுனா திட்டுன்னு தெரியணும் எனுக்கு,
அவ்ளோதான். நான் பதில் சொல்லக்கூட வேணாம்."

தொண்ணூற்றொன்பதை அழுத்தினேன்.
ஒரு பெட்டி திறந்தது.
'திட்டுனா திட்டுன்னு தெரியணும்' என்பதோடு
முப்பது எழுத்து முடிந்துவிட்டது.
புள்ளியையும் கொம்பையும்
தனித்தனித் தலையாக எண்ணுகிற எந்திரம் அது.
'எனுக்கு' வெளியே நின்றது.

அக்டோபரில் அறிக்கை வந்தது,
எண்பத்து நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம்.
வடக்கு மண்டலம் வேகமாக வளரும் சந்தையாம்.
வளர்ச்சிக்கு ஒரு அம்பு,
எங்கள் ஃப்ளைஓவரை விடச் செங்குத்தாக.
நாலாயிரம் முப்பத்தாறாம் பக்கத்தில்
'நாலாயிரத்துக்கும் மேல்' என்று கொழுத்திருந்தது.
டெல்லிபாபு சாருக்கு போன் போட்டேன்.
"கலர் ஜெராக்ஸா எடுத்துக் குடும்மா,
தண்ணி வழியிற எடத்துல ஒட்டணும்."

நானூற்றுப் பன்னிரண்டு பேரில்
மற்றவை ஒன்பது பேர்.
வட்டப் படத்தில் சாம்பல் நிறத்தில்
நெத்திலி முள் கனத்துக்கு ஒரு கீற்று.
அடிக்குறிப்பில் அவர்களுக்கென்று
பத்தெழுத்தில் ஒரே ஒரு சொல்.
அகராதியில் தேடினேன்:
பொருட்படுத்தத் தேவையில்லாத.

டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவத்தைப் பார்க்கப் போக வேண்டும்.
அதற்கு முன்னால்
அந்தச் சொல்லில் வரும் இரண்டு ஜி-யும்
ஒரே மாதிரி ஒலிக்குமா,
வேறு வேறா என்று
யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.