பெட்டிக்குத் துணை

ஹாலின் பேங்க் வட்டத்துக்கு இடைத்தேர்தல்.
பிப்ரவரி. சாரணர் கூடம்.
என் மேசைமேல் ஒரு பெட்டி,
நூலில் கட்டிய பென்சில்.

நிற்பவர்கள் மூன்று பேர்.
மூவரும் பின்சந்தின் எரியாத விளக்கைக்
கைநீட்டிக் காட்டும் படம்
வீட்டுக்கு வீடு வந்திருந்தது.
மூன்றும் பட்டப்பகலில் எடுத்தவை.

மூன்று மணிக்குள் முதியவர்கள் முடித்துக்கொண்டார்கள்.
"இருட்டுமுன் வீடு சேரணும்" என்று
திருமதி ஆக்ராய்ட் மடித்த சீட்டை
இரண்டு தரம் தவறவிட்டார்.
ஐந்துக்கு மேல் வந்தவர்கள் நாயோடு வந்தார்கள்.
ஏழுக்கு மேல் நாயும் இல்லை.

பத்தாகப் பத்து நிமிடம்.
முதியோர் இல்லச் சீருடையில் பிரான்வென்.
விரலிடுக்குகளில் முள்ளாய்ச் சாவிகள்.
பென்சிலைப் பிடிக்க
அந்தக் கையை விரிக்கக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

முத்திரை வைத்தோம்.
பெட்டியை நான் ஒரு பக்கம், கிளிஃபர்ட் மறு பக்கம்.
முன்னால் டார்ச்சோடு ஒரு காவலர்.
பெட்டியைத் தனியே அனுப்பக் கூடாதாம், விதி.

வாசலிலேயே நின்றிருந்த பிரான்வென் கேட்டாள்:
"நானும் கூடவே வரட்டுமா?"

சந்து முழுக்க வெளிச்சத்தில் நடந்தாள்,
கார் நிற்கும் இடம் வரை.

அவள் வீடு
அங்கிருந்து இன்னும் இரண்டு தெரு.