நன் என்பதை நல் ஆக்குதல்

நீடாமங்கலம் ரயில்வே கேட் விழுந்துவிட்டது.
கீழே உரக்கடை வாசலில் மூன்று டிராக்டர், ஒரு மினி பஸ்,
ஹாரன் அடித்து ஓய்ந்த ஒரு கல்யாண வேன்.
மாடியில் நான்
பாசன சங்கங்களின் எட்டு வருஷக் கணக்கை
ஒரு கணினி மொழியிலிருந்து இன்னொன்றுக்கு
ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

பெயர்த்து எழுதக் கதை ஒன்றுமில்லை இதில்.
மதகின் பெயர், தேதி, அடி, அங்குலம்,
திறந்ததா, திறக்கவில்லையா.
ஒற்றை மேற்கோளை இரட்டையாக்க வேண்டும்.
கடைசி உருப்படிக்குப் பின்னும் தொங்கும்
காற்புள்ளியை வெட்ட வேண்டும்:
பழைய மொழி, பந்தியில் இன்னும் ஒருவர் வருவார் என்று
இலை போட்டு வைத்திருக்கும்.
புதியதற்கு அந்தப் பழக்கம் கிடையாது.
உண்மையும் பொய்யும் அங்கே பெரிய எழுத்தில் தொடங்கும்,
இங்கே இரண்டுக்கும் சின்ன எழுத்தே போதும்.

இருபது வரி நிரல் இதையெல்லாம் செய்துவிடும்.
செய்தது.
பிறகுதான் தையல்நாயகியின் வயலைக் காணவில்லை.

புல எண் 112/3.
இலக்கத்தில் தொடங்குவதெல்லாம் எண் என்று நம்பி
மேற்கோளைக் கழற்றியது என் நிரல்.
கழற்றியதோடு விடாமல் வகுத்தும் வைத்திருக்கிறது:
முப்பத்தேழு புள்ளி மூன்று மூன்று மூன்று மூன்று
திரையின் ஓரம் வரை மூன்று.
பாகப்பிரிவினையில் தாலுகா ஆபீஸ் போட்ட சாய்கோடு அது.
பிரித்தல் என்றுதான் அர்த்தம், ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் அதைப் பிரித்து முடித்தாயிற்று.
மறுபடி பிரிக்காதே என்று சொல்லத்தான்
இரண்டு பக்கமும் அந்தக் குறி.
அதையும் ஒருவகை வரப்பு என்று
சர்வேயர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடைசிக்கு விட்டுவைத்தது
நன்.
பழைய மொழியில் ஒன்றுமில்லாததன் பெயர்.
புதிய மொழியில் அதுவே நல்.
நல்லோடு மை சேர்ந்தால் நன்மை,
லகரம் னகரமாகும் என்று பரீட்சைக்குப் படித்தது.
சம்பளத்துக்கு அதைத் திருப்பிச் செய்கிறேன்.
கோப்பு இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததால்
நன்னிலம் தப்பித்தது.
தமிழில் தேடி மாற்றியிருந்தால் நல்னிலம் ஆகியிருக்கும்.
பிரித்தெழுதுக என்று கேட்டிருந்தால்
அதற்கும் பாதி மார்க் உண்டு.

ஆயிரத்து நானூற்று ஆறு நன்.

இருதயராஜ் சார் போனில்:
"அதெல்லாம் ஜீரோ போட்டு அனுப்பிடுங்க மேடம்.
கட்டம் காலியா இருந்தா மேல கேள்வி கேப்பாங்க."

எந்த மதகுகள் என்று பார்க்கிறேன்.
மூணாறு தலைப்பில் ஒரே தண்ணீர்
ஷட்டரைத் தாண்டியதும்
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
அங்கே தினம் இரண்டு வேளை அளவு, ஒரு நன் கிடையாது.
தெற்கே போகப் போக, முத்துப்பேட்டைப் பக்கம்
மண் உப்புக் கரிக்கத் தொடங்கும் இடத்தில்
நன்
நன்
நன்
ஒரு கார்த்திகை முழுக்க நன்.

ஜீரோ என்றால் யாரோ சைக்கிளில் போயிருக்கிறார்.
அளவுக்கல்லின் அடியில் காய்ந்த பாசியைப் பார்த்து,
பேனா எழுதாமல் உதறி, எழுதியிருக்கிறார்.
நன் என்றால் யாரும் போகவில்லை.
தண்ணீர் இல்லாமல் இருந்திருக்கலாம்.
கழுத்தளவும் இருந்திருக்கலாம்.

"ஜீரோ போட முடியாது சார்."
"ஏம்மா, அந்த மொழியில ஜீரோ இல்லியா?"
"இருக்கு சார். தெரியாதுங்கறதுக்கும் இருக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது
கூட்ஸ் வந்துவிட்டது.
நாற்பத்திரண்டு பெட்டி.
நெல் மூட்டையா, வெறும் பெட்டியா,
கதவு சாத்தியிருந்தால் மாடியிலிருந்து தெரியாது.
ஜன்னல் கம்பி அதிர, போனைக் காதிலிருந்து எடுக்காமல்
இன்னொரு கையால்
112/3க்கு இரண்டு பக்கமும் குறியை மாட்டினேன்.

கேட் எழுந்தது.
கல்யாண வேன்தான் முதலில் போனது.
போன் எப்போதோ துண்டித்திருக்கிறது.
நிரலை மறுபடி ஓட்டிவிட்டு
டீ சொல்லலாம் என்று எட்டிப் பார்த்தால்
கடைப்பையன் கேட்டுக்கு அந்தப் பக்கம்.