ரம்பம் காவலில் இருக்கிறது

கொய்யைக்கேயில் ஜூலை மாதம்
ஒன்பது மணிக்குத்தான் விடியும்.
அதற்கு முன்பே சான்றறையில் விளக்கைப் போட்டுவிடுவேன்.
மூன்றாம் தட்டில் ஒரு கத்தி, உடைந்த கைப்பேசி இரண்டு,
யாருடையதென்று தெரியாத இடதுகால் பூட்ஸ்,
அப்புறம் அந்தச் சங்கிலி ரம்பம்.
ஆரஞ்சு நிறம். பல்லிடுக்கில் லெங்கா மரத்தூள்.
மே மாதத்து மணம் இன்னும் போகவில்லை.

கழுத்தில் தொங்கும் சீட்டில்
அதைத் தொட்ட எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.
முதலில் ரோந்துக் காவலர் ஒபாண்டோ,
இரவு இரண்டு பத்து, பனி விழுந்து மை ஊறிய கிறுக்கல்.
அடுத்து கைரேகை எடுத்த புலனாய்வுத் துறைப் பெண்மணி,
அச்சுக் கோத்தாற்போல் எழுத்து.
ஊர் ஒன்று, போலீஸ் இரண்டு;
ஒன்றின் கணினி சொல்வது மற்றதன் காதில் ஏறாது.
மூன்றாவது நான்,
அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் கீழ்த்தளத்துக்காரன்.
மூன்று கைகளுக்கு நடுவே பத்து நிமிடம் கணக்கில் வராவிட்டால்
எதிர்த்தரப்பு வக்கீல் மிலியாசெர்
ஊசி போகிற அந்த இடைவெளியில் உலக்கையை விட்டு ஆட்டுவார்.

திருடியவர்கள் இருவர்.
இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நின்றார்கள்.
பழைய வழக்குள்ள தம்பி மேட்டுச் சிறைக்குப் போனான்.
அண்ணன் பிராவ்லியோவுக்கு
மாதம் ஒருமுறை எங்கள் கவுண்டரில் கையெழுத்து,
ரம்பத்தின் சொந்தக்காரரிடமிருந்து இருநூறு மீட்டர் தூரம்.
மனிதர்கள் விஷயம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.
ரம்பத்துக்கு ஜாமீன் கேட்க ஆளில்லை.

சொந்தக்காரர் எலெயுதேரியோ நாவெல்கீன்,
விறகு அறுத்து விற்பவர்,
செவ்வாய்தோறும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வருவார்.
எப்போது தருவீர்கள்?
மேல்மாடியிலிருந்து ஓயார்சுன் அம்மாள் சொன்னதைச் சொல்வேன்:
நீதிமன்றம் உத்தரவிட வேண்டும்.
நீதிமன்றம் இரண்டு தெரு தள்ளி.
நடந்து போவார். அங்கே சொல்வார்கள்:
அரசு வக்கீல் கேட்கவே இல்லையே.

ஜூனில் கேட்டார்.
அன்றைக்குப் பார்த்து
தம்பியை அழைத்துவர வேண்டிய சிறை வேனின் சக்கரத்துக்கு
பனியில் மாட்டும் சங்கிலி இல்லை.
விசாரணை ஆகஸ்டுக்குப் போனது.
ஒரு சங்கிலி இல்லாததால் இன்னொரு சங்கிலி உள்ளே
என்று சொல்லிச் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
வீட்டில் ஈர விறகுதான், புகைகிறது என்றார்.
என் காலடியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மாதக் கையெழுத்து நாளும் செவ்வாயில் விழுந்தது.
பிராவ்லியோ பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.
வாசலில் நாவெல்கீன், தொப்பியில் பனி.
இருநூறு மீட்டரை எங்கே போய் அளப்பது?
கவுண்டரின் நீளமே நான்கு.

"செயின் துருப்பிடிக்குமே, எண்ணெய் விட்டீர்களா?"
கேட்டது திருடன்.
எண்ணெய் விட எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்,
எடுத்துக்கொண்டு ஓடியவன் நான்தான் என்பதுபோல.

பிறகு ஜன்னல் வழியே
பேருந்து நிறுத்தக் கூரையடியில் அவர்கள்.
இரண்டு சிகரெட், ஒரே தீக்குச்சி.

நான் மேல்மாடிக்குச் சொல்ல வேண்டும்.
மேல்மாடி நீதிபதிக்கு எழுதும், நீதிபதி போலீசுக்கு,
ஒபாண்டோ போய்ப் பிடித்துவருவார்,
வேன் வரும், சங்கிலி கிடைத்திருந்தால்.
இந்த ஒரு காரியத்துக்கு
எல்லா அலுவலகமும் ஒரே உடம்பாக அசையும்,
எனக்குச் சந்தேகமே இல்லை.
தொலைபேசியை எடுத்தேன். மணி ஒன்று, சாப்பாட்டு நேரம்.
வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ரொட்டி வாங்கித் திரும்பியவன்
பழக்கமில்லாத தெருவில் நுழைந்துவிட்டேன்.
நாவெல்கீன் வீட்டு வேலிக்குப் பின்னால் கோடரிச் சத்தம்.
ஒருவர் ஓங்க, ஒருவர் கட்டையை நிறுத்த,
இரண்டு மூச்சின் ஆவி வேலிக்கு மேலே எழுந்தது.
தெருவின் மறுபக்கம் மாறி நடந்தேன்.
கக்கத்தில் ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.