பத்து நாற்பது

இளையர் நீதிமன்றத்தில் எனக்கொரு பேனா தந்தார்கள்,
மூடி இல்லாதது.
மகன் ஒழுங்காக இருப்பான் என்று
ஐயாயிரம் வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டேன்.
பள்ளியில் சேர்த்த அன்றைக்கும் இதே கையெழுத்துதான்.
வால் மட்டும் இப்போது கொஞ்சம் நீண்டுவிட்டது.

பக்கத்தில் நின்றான். பதினைந்து வயது,
என்னைவிட ஒரு சாண் உயரம்.
புதுச் சட்டையின் காலரில்
விலைச்சீட்டு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.
பிய்க்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன்.
அங்கே எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கவினேஷ், இன்னாரின் மகன் என்று
முழுப்பெயரையும் வாசித்தார்கள்.
பதினோரு வருடமாக
எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்
அந்த அறையில்தான் மறுபடி கேட்டது.

சாப்பாடு கொண்டுவந்த பெரியவர் சியாவின் சைக்கிளை
மூன்று பேர் எடுத்தார்கள்.
தடுக்க வந்தவரை ஒருவன் தள்ளினான்.
அந்த ஒருவன் என்னுடையவன்.
வலது மணிக்கட்டு, இரண்டு இடத்தில் முறிவு.

நான் பேருந்து ஓட்டுகிறேன்.
பூன் லேயிலிருந்து கிளம்பி
அந்த புளோக்கைத் தாண்டித்தான் போக வேண்டும்,
நாளைக்கு ஏழு தடவை.
இடது கையால் அட்டையைத் தட்டும்
ஒவ்வொரு முதியவரையும்
அடுத்த நிறுத்தம் வரை கண்ணாடியில் பார்க்கிறேன்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை
அவன் வீட்டில் இருக்க வேண்டும்.
நன்னடத்தை அதிகாரி நோர்ஹயாத்தி
எந்த நேரத்திலும் அழைப்பார்.
அதற்கென்றே ஒரு வீட்டுத் தொலைபேசி வாங்கினேன்.
அந்த மாதம் இரண்டு தடவை
‘குளிக்கிறான், மேடம்’ என்றேன்.
இரண்டு தடவையும் குளியலறை காய்ந்து கிடந்தது.

மூன்றாவது அழைப்பு பத்து நாற்பதுக்கு.
கதவுக் கம்பிக்கு வெளியே என் செருப்பு மட்டும்.
‘இல்லை’ என்றேன். ‘இன்னும் வரவில்லை.’

ஏன் அன்றைக்கு என்று என்னிடம் கேட்காதீர்கள்.
குறுக்கே யாராவது ஓடினால்
யோசித்தா பிரேக்கை மிதிக்கிறோம்?

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு ‘நன்றி’ என்றார்.
அந்த நன்றியை எங்கே வைப்பதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்கு மின்தூக்கி திறந்தது.
கையில் ஒரு பொட்டலம் பரோட்டா, எனக்கு.
அதை வாங்கப் போய்த்தான் தாமதமா,
தாமதத்தை மறைக்கத்தான் அதுவா?
நான் கேட்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தான், தொலைபேசியைப் பார்த்தான்.
பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு
அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

மற்ற தவறுகளும் சேர்ந்துதான், அது ஒன்றல்ல என்றார்கள்.
இருக்கலாம்.
இப்போது சிறுவர் இல்லத்தில் இருக்கிறான்.

முதல் சந்திப்பில் பேசவில்லை.
இரண்டாவதில் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
நகம் வெட்டியிருந்தான், சுத்தமாக.
வீட்டில் ஒரு நாளும் வெட்டியதில்லை.

மூன்றாவது சந்திப்பில், தலை நிமிராமல்,
‘அன்னைக்கு பரோட்டா சாப்டியா?’

பிரிக்காமலே குப்பைக் குழாயில் போட்டிருந்தேன்.
ஒன்பது மாடி இறங்கி அது விழுந்த சத்தம் வரை
நின்று கேட்டிருந்தேன்.
‘சாப்பிட்டேன்’ என்றேன்.

‘மீன் கறி எப்டி இருந்துச்சு?’
‘நல்லா இருந்துச்சு. கொஞ்சம் காரம்.’

‘நான் பருப்புதான் வாங்கினேன்.’

சொல்லிவிட்டுச் சிரித்தான்.
ஆளைப் பிடித்துவிட்ட சிரிப்பு.
ஆறு வயதில், கட்டிலுக்கடியில் ஒளிந்த என்னை
காலைப் பிடித்து இழுத்தபோது சிரித்தானே, அது.
எனக்கும் வந்தது. அடக்க முடியவில்லை.
அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நேரமாகிவிட்டது என்றார்கள்.

இன்னும் ஏழு மாதம்.
வீட்டுத் தொலைபேசியை நான் துண்டிக்கவில்லை.
வேலை முடிந்து வர எவ்வளவு நேரமானாலும்,
வியர்வை எவ்வளவு நாறினாலும்,
பத்து மணிக்கு மேல் குளிப்பதில்லை.