செல்லாக்காசு

ஞாயிற்றுச் சந்தையில் அந்துவானிடம் வாங்கியது.
முந்நூற்றைம்பது சொன்னான், அப்படியே கொடுத்தேன்.
பேரம் பேசினால் பதில் சொல்ல மாட்டான்,
பழைய பூட்டுக்கு எண்ணெய் போடத் தொடங்கிவிடுவான்.
செப்புத் துட்டு. கட்டைவிரல் நகத்தளவு.
ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாவின் பூ,
மறு பக்கம் கோணல்மாணலாகத் தமிழ்.
'பு' மட்டும் தெரிந்தது. மிச்சமெல்லாம் பச்சைக் களிம்பு.

அசலா போலியா, எத்தனை மார்க் தேறும் என்று
மும்பைக்காரர்கள் சொல்ல வேண்டுமாம்.
சொன்னால்தான் விலையாம்.

விண்ணப்பம் எட்டுப் பக்கம்.
எந்த ஊர் நாணயம்? என்றது ஒரு கட்டம்.
உத்தேச மதிப்பு? என்றது அடுத்தது.
கூட்டிப் போட்டால் காப்பீடு கூடும்;
குறைத்துப் போட்டால், தொலைந்தால்,
குறைத்ததுதான் கைக்கு வரும்.
மதிப்பு தெரியாமல்தானே அனுப்புகிறேன் என்று
போனில் கேட்டேன். சேத்தன் பாய் சிரித்தார்:
"உங்க மனசுல என்ன இருக்கோ அதைப் போடுங்க."
மனசில் இருந்ததைப் போட
கட்டத்தில் இடம் போதவில்லை.

ரங்கப்பிள்ளை வீதித் தபால் நிலையத்தில்
"உள்ள என்ன?" என்றார் கவுன்ட்டர் அம்மா.
"காசு."
"காசைத் தபால்ல அனுப்பக் கூடாது. மணியார்டர் பண்ணுங்க."
"இது செல்லாத காசும்மா."
"செல்லாத காசுக்கு எதுக்கு சார் இன்ஷூரன்ஸ்?"
எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும்
அந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பார்த்தது.

சந்தா ஆயிரத்து ஐந்நூறு. தரமிட தொள்ளாயிரம்.
இரண்டுக்கும் பதினெட்டு சதவீதம், நானூற்று முப்பத்திரண்டு.
போக முந்நூற்றெண்பது, வர நானூற்றைம்பது.
சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் கூட்டினேன்.
மூவாயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டு.
புனிதவதி எட்டிப் பார்த்து
"கேஸா, கரண்டா?" என்றாள்.
கரண்ட் என்றேன்.

நாற்பத்தைந்து வேலைநாள் என்றார்கள்.
நூற்றுப் பதினேழு நாள் ஆனது.
நடுவில் சர்வர், நடுவில் கணபதி, நடுவில் தீபாவளி.

நான் கோரிமேட்டில் எக்ஸ்ரே எடுக்கிறவன்.
ரிப்போர்ட் எப்ப சார் வரும் என்று கேட்கிறவர்களுக்கு
"வரும், வெளிய உக்காருங்க" என்று
பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்.
அந்த வாரம் எல்லோருக்கும்
மணி பார்த்துச் சொன்னேன்.

ஒருநாள் பாகூரிலிருந்து ஒரு பையன்.
காசை விழுங்கிவிட்டான்.
படத்தில், விலாவுக்குக் கீழே,
வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.
எந்த வருடம், எந்த அச்சு, விளிம்பில் தேய்மானம் உண்டா,
ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயில் எல்லாக் காசும் ஒரே நிறம்.
அவன் அம்மா ஒன்றுதான் கேட்டாள்:
"வந்துடுமா சார்?"
வந்துவிடும் என்றேன்.
மூன்றாம் நாள் வந்துவிட்டதாம்.
எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

பிறகு வந்தது.
ஒட்டிச் சீல் வைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி.
சிப்பம் பிரிக்கும்போது கத்தரிக்கோல் என் விரலைத்தான் வெட்டியது,
அதற்கு ஒரு கீறல் இல்லை.
அசல், என்றது சீட்டு.
நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி:
மதிப்பெண் இல்லை. சுத்தம் செய்யப்பட்டுள்ளது.

வாங்கிய அன்று ராத்திரி, எல்லோரும் தூங்கியபின்,
துளி புளி, துளி உப்பு.
'து' வந்தது. 'ச்' வந்தது.
'ரி' வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.
படிக்கத்தான் தேய்த்தேன்.
படித்ததற்குத்தான் மார்க் இல்லை.

அடுத்த ஞாயிறு அந்துவானிடம் காட்டினேன்.
காசைப் பார்க்கவே இல்லை அவன்.
பெட்டியைத் திருப்பினான், தட்டினான்,
மூடி எங்கே என்று நகத்தால் தேடினான்.
"டப்பா ஜோரா இருக்கே. எங்க புடிச்ச?
பத்து டப்பா கெடைக்குமா?
ஒண்ணுக்கு நாப்பது ரூபா தரேன்."