இணக்கச் சான்று

பிரிஸ்பேனில் ஜூன் மாதக் குளிர்.
சமையல் மேசையில் டோஸ்ட் துணுக்குகளைப்
புறங்கையால் ஒதுக்கிவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறாள் மெரின் ஹாலொரன்.

சட்டத்திருத்தம் சின்னது. நான்கே பக்கம்.
நோய் தணியும்வரை
கிளப்புகள் உரிமக் கட்டணத்தைப் பிந்திக் கட்டலாம்.
சூதாட்ட அறைக்குள் என்னை விடாதீர்கள் என்று
தன்னைத் தானே தடுத்துக்கொள்ள விரும்புகிறவர்
இனி நேரில் வர வேண்டாம், மின்னஞ்சல் போதும்.
டிசம்பர் முப்பத்தொன்றில் எல்லாம் காலாவதி.

அவள் வேலை,
ஒவ்வொரு பிரிவையும் ஓர் உரிமைக்குப் பக்கத்தில் நிறுத்தி
உரசுகிறதா என்று பார்ப்பது.
உரசினால், எவ்வளவு?
இதைவிட மெல்ல உரச வழி இருந்ததா?

சொத்து: தொடவில்லை.
அந்தரங்கம்: தொடுகிறது.
ஒருவனுடைய தோல்வி, புகைப்படத்தோடு,
யாரோ ஒரு மேலாளரின் அஞ்சல்பெட்டியில் கிடக்கும்.
'வரம்பு நியாயமானது' என்று தட்டுகிறாள்.
அழிக்கிறாள்.
'நியாயமானதாகத் தோன்றுகிறது.'
அதையும் அழிக்கிறாள்,
சான்றில் தோற்றத்துக்கு இடமில்லை.

(நான் இதை எழுதும் மொழியில்
உரிமைக்கும் உரிமத்துக்கும் ஈற்றில்தான் பேதம்.
கை தவறினால்
மனிதனுடையது இயந்திரத்துக்குப் போய்விடும்.
அவள் மொழியில் அவை
ஒன்றையொன்று அறியாத சொற்கள்.
ஆனாலும் கை தவறுகிறது.)

கருத்துக் கேட்டதற்கு மூன்று பதில்கள்.
இரண்டு, கிளப்புகளின் நன்றி.
மூன்றாவது இப்ஸ்விச்சிலிருந்து,
கூரை வேயும் கெல்வின் ஸ்ட்ராகன்:

'மார்ச் இருபத்துமூன்றில் கதவை மூடினீர்கள்.
இன்று தொண்ணூற்றொரு நாள்.
கார் பழக்கத்தில் அந்தத் தெருவுக்குள் திரும்பும்,
பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்.
மகளிடம் வாங்கியதில் பாதி கொடுத்தாயிற்று.
இரண்டு பல் கட்டிக்கொண்டேன்.
நடமாடும் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று
ரேடியோவில் ஒருவர் கத்துகிறார்.
எனக்குப் பறித்தது போதவில்லை.
பதினோரு நாளில் திறக்கிறார்களாமே?'

இதற்கு எந்தக் கட்டமும் இல்லை.
திறப்பது இந்தத் திருத்தத்தில் வரவும் இல்லை.

இருந்தும் மூன்றாம் பிரிவை மறுபடி வாசிக்கிறாள்.
'தடைக்கு விண்ணப்பிக்க,
அல்லது திரும்பப் பெற,
மின்னஞ்சல் போதும்.'
அல்லது.
இரவு இரண்டு மணி, படுக்கை, கைப்பேசி,
கட்டைவிரலின் ஒரு தட்டு.
உள்ளே வர எளிதாக்கிய அதே வாசலில்
வெளியே போகவும் படி வைத்திருக்கிறார்கள்.

வரைவாளர் ஆஸ்மண்டுக்கு எழுதுகிறாள்:
அந்த அல்லதை எடுத்துவிடலாமா?
நாற்பது நிமிடத்தில் பதில்:
எடுத்தால் அவருடைய விருப்பத்தைக் கட்டுப்படுத்துகிறோம்,
அதற்கும் நீதான் நியாயம் எழுத வேண்டும்.
நாளை காலை அமைச்சரின் கையெழுத்து.

எழுதுகிறாள். ஒன்றரைப் பக்கம்.
தேநீர் ஆறி ஏடு படிகிறது.
திரும்பப் பெற, குறைந்தது நேரில் ஒருமுறை;
அல்லது முப்பது நாள் காத்திருப்பு.
ஏற்பார்களா, தெரியாது.

பிறகு இப்ஸ்விச்சுக்கு ஒரு கடிதம்:
'திரு. ஸ்ட்ராகன், படிவம் இணைத்திருக்கிறேன்.
ஜூலை மூன்றுக்குள் அனுப்பலாம்.
ஐந்தாண்டு என்ற கட்டத்தில் டிக் போடுங்கள்.'

கடைசி வரியை அழிக்கிறாள்.
அது அவர் உரிமை.